எத்தீமின் அமானத்தைக் காத்த பேகம்

மத்திய இந்தியாவின் போப்பால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரை, இடையில் ஏழாண்டுகள் நீங்கலாக, முஸ்லிம் பெண்களே ஆண்டு வந்தனர். அவ்வரிசையில் முதல்வர் குத்ஸிய்யா பேகம் அவர்கள்.

1819 நவம்பரில் அவர்களின் கணவர் நவாப் நஸர் முஹம்மது கான், உறவினரான ஒரு சிறுவன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து வஃபாத்தானார். பேகத்துக்கு அப்போது இருபது வயதை ஒட்டிய பருவம். மடியில் ஸிகந்தர் என்னும் ஒரே பெண் குழந்தை. கணவரின் சகோதரர் மகன் முனீர் முஹம்மது நவாபாவது, ஸிகந்தரை அவருக்கே மணமுடிப்பது, அதுவரை பேகமே நிர்வாகத்தைக் கவனிப்பது என்று ஏற்பாடாயிற்று.

முனீர் வளர்ந்து ஆட்சியைக் கேட்டபோது பேகம் இணங்கவில்லை. தகப்பனை இழந்த மகளின் உரிமை தம் கையிலுள்ள அமானத் என்பதில் உறுதியாக நின்றார்கள். முனீர் விலக, அவர் தம்பி ஜஹாங்கீருக்கு ஸிகந்தரை நிச்சயித்தனர். 1835-ல் திருமணம் நடந்தது. பின்னர் மாமியாருக்கும் மருமகனுக்கும் பிணக்கு முற்றிப் போராகவே வெடித்தது. ஆங்கிலேயர் தலையிட்டதால் 1837-ல் ஜஹாங்கீர் நவாபானார். பேகம் மானிய நிலத்துடன் ஒதுங்கினார்கள். ஆயினும் மகளுக்காகப் பட்ட பாடு வீண்போகவில்லை. 1844-ல் ஜஹாங்கீர் மறைந்த பின் நிர்வாகம் ஸிகந்தரிடம் வந்தது. 1860-ல் அவரே அரசியாக ஏற்கப்பட்டார்.

பதவி போன பின்னும் பேகம் முடங்கிவிடவில்லை. போப்பால் நகரின் நடுவே ஜாமிஆ மஸ்ஜிதைக் கட்டினார்கள். நகர மக்களுக்குக் குடிநீர் வசதி செய்து கொடுத்தார்கள். 1863-64-ல் மகளுடன் புனித ஹஜ்ஜுக்கும் சென்று வந்தார்கள். பேத்தி ஷாஜஹான் பேகத்தின் ஆட்சியையும் கண்ட பின், 1881-ல் வஃபாத்தானார்கள்.

நம் செங்கற்பட்டு வட்டாரத்திலும் தகப்பனை இழந்த பிள்ளைகள் இல்லாத ஊர் ஏது? அவர்களுடைய வீடும் நிலமும் பெரியவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. பெண்பிள்ளைதானே என்று அவள் பங்கை மறந்துவிடுவோரும் உண்டு. எத்தீமின் பொருளை உண்பது வயிற்றில் நெருப்பை நிரப்புவதாகும் என்று திருமறை எச்சரிப்பதை நாம் அறிவோம். நம் வீடுகளில் அப்படி ஏதேனும் பொறுப்பு இருக்குமானால், இன்றே கணக்கெழுதிச் சாட்சி வைப்போம். பிள்ளை பக்குவமடைந்ததும் குறைவின்றி ஒப்படைப்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.