யார் இந்த எல்லப்ரகடா சுப்பாராவ்? மயிலாப்பூரில் துறவியாக விரும்பியவர் புற்றுநோய்க்கு மருந்து தந்த கதை

கர்ப்பிணிகள் சாப்பிடுற ஃபோலிக் அமில மாத்திரை, புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட். இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் சென்னையில் படித்த ஒரு டாக்டர்.

மடமா, மருத்துவமா?

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் பாஸ். மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கலை. டாக்டரானால் சேவை செய்யலாம் என்று மடத்தில் வழிகாட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. இதற்கிடையே ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களையும் பறிகொடுத்தார். சாப்பிடும் சத்து உடம்பில் சேராமல் ஆளை உருக்கும் நோய் அது. அப்போது சரியான மருந்தே இல்லை.

செல்லுக்குள் என்ன நடக்குது?

1920-களில் அமெரிக்கா போனார். செலவுக்கு மருத்துவமனையில் கடைநிலை ஊழியர் வேலையும் பார்த்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, 1929-ல் ஏடிபி என்ற மூலக்கூறைக் கண்டறிந்தார். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு தனியாகக் கண்டறிந்தார். செல்லின் வேலைகளுக்குச் சக்தி தருவது இதுதான். செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பவும் ஏடிபி உதவுது என்பது பல பத்தாண்டுகள் கழித்துதான் தெரிய வந்தது.

ஆனா ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கலை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

ஒரே சத்து, இரண்டு மருந்து

அங்கே அவர் தலைமையிலான குழு, 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது.

கதை அதோட முடியலை. செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேணும். அப்போ அதைத் தடுத்தா புற்றுநோய் செல் பெருகாதே? அப்படி உருவானதுதான் அமினோப்டெரின். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான இந்த முடிவுதான் இன்றைய கீமோதெரபிக்கு அடித்தளங்களில் ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டும் இதே வழியில் வந்த மருந்துதான்.

அடுத்த இரண்டே மாதத்தில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அவர் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனா அவர் வழிவந்த மாத்திரைகள் இன்றும் மருந்துக்கடையில் இருக்கு.