நீதிபதி சையித் மஹ்மூத்

அலீகர் கல்லூரியை நிறுவிய சர் சையித் அஹ்மத் கானின் பெயரை அறியாத முஸ்லிம்கள் குறைவு. அன்னாரின் புதல்வரே நீதிபதி சையித் மஹ்மூத். 1850இல் பிறந்த இவர், 1869இல் தந்தையாருடன் இங்கிலாந்து சென்று, 1872இல் பாரிஸ்டராகத் திரும்பினார். 1882இல் அலஹாபாத் ஹைகோர்ட்டில் தற்காலிக நீதிபதியாக அமர்ந்தபோது வயது முப்பத்திரண்டுதான். நம் நாட்டு ஹைகோர்ட்டுகளில் முதல் முஸ்லிம் நீதிபதி அன்னாரே. 1887இல் பதவி நிரந்தரமாயிற்று.

காசி நகரப் பள்ளிவாசல் ஒன்றில், ஜமாஅத் தொழுகையில் உரக்க ஆமீன் சொன்ன மூவர் தண்டிக்கப்பட்ட வழக்கு 1885இல் ஹைகோர்ட்டுக்கு வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு நின்றுவிடாமல், மஹ்மூத் அவர்கள் அரபுக் கிதாபுகளைத் தாமே புரட்டிப் பார்த்தார். உரக்கச் சொன்னது குற்றமாகாது என்று எழுதினார். மற்ற நீதிபதிகளோ மறு விசாரணைக்கு அனுப்பினார்கள். ஹனபிகளாகிய நாம் மெதுவாகச் சொல்கிறோம். காயல்பட்டினத்து ஷாபிஈ சகோதரர்கள் உரக்கச் சொல்கிறார்கள். இதற்குப் போய் கோர்ட்டா என்று வெட்கமாகத்தான் இருக்கிறது!

அன்னாரின் பெயரை நிலைநிறுத்தியது 1891ஆம் ஆண்டு வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லாத கைதி ஒருவன் சிறையிலிருந்தபடி அப்பீல் செய்கிறான். அவனும் வர இயலாது, அவனுக்காகப் பேசவும் ஆளில்லை. காகிதங்களை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா? சொல்லலாம் என்றனர் உடனிருந்த நீதிபதிகள். மஹ்மூத் அவர்கள் மட்டும் தனித்து நின்றார். சட்டம் விசாரணையில் கேட்கச் சொல்கிறது, படிப்பது கேட்பதாகாது, யாரேனும் வாய் திறந்து பேசினால்தான் அது கேட்பது என்பது அவருடைய வாதம். அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்குக் காஜியாக அனுப்புகையில், ஒருவர் சொன்னதைக் கேட்டதும் முடிவு சொல்லாமல் மற்றவரையும் கேட்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் கிதாபுகளில் உள்ளது.

நம் தேவாரம் பகுதி ஜமாஅத்துகளுக்கும் இது தூரத்துச் சங்கதியல்ல. கணவன் ஏலத்தோட்டத்தில் இருப்பான். மலையிலிருந்து அவன் இறங்குமுன் பஞ்சாயத்து முடிந்துவிடும். சில வேளை மனைவியின் பேச்சை அவளுடைய அண்ணன் வாயாலேயே கேட்டு முடித்துவிடுவார்கள். அவள் வீடு பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கும்.

இத்தகைய நீதிபதியிடமும் குறை இருந்தது. மிக நீண்ட தீர்ப்புகள் எழுதுவார், அவை தாமதமாகும். மதுப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. தலைமை நீதிபதி சர் ஜான் எட்ஜ் இவற்றைச் சொல்லிப் புகார் செய்தார். வெள்ளையருக்கு நடுவில் தம் கருத்தை விடாமல் சொன்ன இந்தியர் என்ற காழ்ப்பும் அதில் கலந்திருந்தது என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால், தீர்ப்பை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருந்த ஏழைக்கு அதனால் என்ன ஆறுதல்? 1893இல் அன்னார் பதவியை விட்டு விலகினார். அப்போது வயது நாற்பத்து மூன்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1903இல் காலமானார்.