ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ரே

கரிம வேதியியல் என்றவுடன் நம் மாணவர் பலர் அஞ்சி ஒதுங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் எனப் பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். அப்பாடத்தின் அடிப்படையை ஓர் எலும்புத்துண்டைக் கொண்டு விளக்கிய பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுதுவது பொருத்தமென நாம் கருதுகிறோம்.

பிரபுல்ல சந்திர ரே 1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில், நிலக்கிழார் குடும்பத்தில் தோன்றினார். கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882இல் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் அலெக்சாண்டர் கிரம் பிரௌன். அணுக்களை எழுத்தாலும் அவற்றின் பிணைப்பைக் கோட்டாலும் வரைந்து காட்டும் முறையை 1860களில் வகுத்தவர்களுள் ஒருவர் அவர். கார்பனுக்கு நான்கு கைகள் என்று நாம் கரும்பலகையில் போடும் கோடுகள் அவ்வழி வந்தவையே.

1887இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய ரே, ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார். உயர்பணி வெள்ளையருக்கே என்றிருந்த காலம் அது. புகழ் பெற்ற பின்னரும் தொடக்க வகுப்புகளை அவர் விரும்பி நடத்தினார். அடித்தளம் இடும் வேலையை அனுபவமுடையவரே செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பள்ளிகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

எலும்பை நெருப்பிலிட்டால் முதலில் கறுக்கும். அக்கருமை கார்பன், கரிமப்பொருளின் அடையாளம். நம் பேராவூரணித் தோப்புகளில் கொட்டாங்கச்சி கரியாவதும் இவ்வாறே. மேலும் சுட்டால் அக்கார்பன் ஆக்சிஜனோடு கூடிக் கரியமில வாயுவாகப் போய்விடும். எஞ்சும் வெண்சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் என்னும் கனிமப்பொருள். மாட்டெலும்பா ஆட்டெலும்பா என்று அச்சாம்பலின் நிறத்தைக் கண்டு சொல்ல இயலாது. ரே அதில் ஒரு சிட்டிகையை மாணவர் முன்னிலையில் வாயிலிட்டு மென்று காட்டினார். எலும்பு என்றாலே தீட்டெனக் கருதும் குடும்பங்களிலிருந்து வந்தோர் நிறைந்த வகுப்பு அது.

1892இல் 700 ரூபாய் முதலீட்டில், தம் இல்லத்திலேயே, பெங்கால் கெமிக்கல் தொழிற்சாலைக்கு வித்திட்டார். பாஸ்பேட் செய்யக் கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மாடியில் காயவைத்தார். மழை பெய்தது. எலும்பு அழுகிப் புழுத்தது, காகங்கள் சூழ்ந்தன, அயலார் சண்டைக்கு வந்தனர். பின்னர் மாணிக்தலாவில் ஓரிடத்தில் இரவில் எரிக்க முற்பட்டபோது, பிணத்தை எரிக்கிறார்களோ என்று காவலர் ஐயுற்று வந்தனர்.

நம் முன்னோர்மீது வலிந்து சுமத்தப்பட்ட தொழில் இது. செத்த மாட்டைச் சுமந்தவரும் எலும்பு பொறுக்கியவரும் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அதே எலும்பை மாடியில் உலர்த்திய ரேயை எவரும் சேரிக்கு அனுப்பவில்லை என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

ஆயினும் அவர் அவ்வுண்மையை உணர்ந்திருந்தார். 1902, 1909 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட இந்து வேதியியல் வரலாற்றில், இந்நாட்டில் அறிவியல் நலிந்ததற்குச் சாதி முறையைக் காரணம் காட்டினார். பிணத்தைத் தொடுவது தீட்டானபோது அறுவை மருத்துவம் அழிந்தது. கைத்தொழில்கள் தாழ்ந்த சாதியாரிடம் தள்ளப்பட்டபோது ஏன், எவ்வாறு என்று வினவும் அறிவு அவற்றைவிட்டு நீங்கியது என்பது அவர் முடிபு. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டவர் கையாண்டது டானின் என்னும் கரிமப்பொருளை. அவரிடம் ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவர் தோலைத் தொடவில்லை.

அவரிடம் பயின்றவர்களுள் மேகநாத சாகா ஒருவர். தாழ்வாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தமையால், மாணவர் விடுதியில் உடனுண்ண மறுக்கப்பட்டவர். பின்னாளில் விண்மீன்களின் ஒளியை ஆராய உதவும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் உலகுக்கு அளித்தார்.

ரே 1916இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு மாறினார். 1921இல் அறுபது வயது நிறைந்தது முதல், தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறைக்கே அளித்துவிட்டார். மணம் செய்துகொள்ளாத அவர், அக்கல்லூரியில் தாம் குடியிருந்த அறையிலேயே 1944 ஜூன் 16ஆம் நாள் உயிர்நீத்தார்.