குழந்தைகளுக்கு வாழ்வளித்த சுப்பாராவ்

தம் வாழ்நாளில் தோல்விகளையே மிகுதியாகக் கண்ட ஒருவர், உலகெங்கும் உள்ள குழந்தைகளுக்கு வாழ்வு தந்தார் என்றால் நம்புவதற்கு அரிதாக இருக்கும். ஆயினும் அது உண்மை. அவரே டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம் சென்னையில் கல்வி பயின்ற அவருடைய வரலாற்றைச் சிறிது காண்போம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். துறவியாகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தாயார் அதற்கு இசையவில்லை. நோயுற்றோருக்குத் தொண்டு செய்வதும் துறவுக்கு நிகரே என்று எண்ணிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்புரூ என்னும் கொடிய குடல் நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டு சென்றது. அந்த நோயை வெல்ல மருந்து காண வேண்டும் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அந்நியத் துணியை விலக்கும்படி காந்தியடிகள் அழைத்த காலம் அது. சுப்பாராவ் கதர் அங்கி அணிந்தே அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் பயனாக எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவியது. அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. இளம் மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து வகுத்தார். நம் உடலுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவ்விருவரும் 1929-இல் கண்டறிந்தனர். இவ்வளவு செய்தும் அங்கே அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

கருவுற்ற தாய்மாரின் இரத்தச் சோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதை லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் முன்னரே பம்பாயில் கண்டிருந்தார். அதற்குக் காரணமான சத்து போலிக் அமிலம் என்பது பின்னர் விளங்கியது. கீரையிலும் இச்சத்து உண்டு. இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையைச் சுப்பாராவின் குழுவினர் 1945-இல் கண்டனர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று.

உடலின் உயிரணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. புற்றுநோய் அணுக்களோ அளவின்றிப் பெருகுபவை. அவற்றுக்கு இச்சத்து பயன்படாமல் செய்தால் என்ன? இதற்காகச் சுப்பாராவின் குழுவினர் அமினோப்டெரின் என்னும் மருந்தைத் தயாரித்தனர். பூட்டில் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போன்றது அது. போஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளிடம் நோய் தணிந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த மழலைகள் எழுந்து விளையாடின. சில மாதங்களில் நோய் மீண்டும் வந்தது உண்மையே. ஆனால் இந்நோயையும் மருந்தால் அடக்க இயலும் என்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது.

இச்செய்தி 1948 ஜூன் மாதம் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே ஆகஸ்டு மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. தாம் நட்ட மரத்தின் கனியையும் அவர் காணவில்லை.

அந்த மரம் இன்றும் கனி தருகிறது. அமினோப்டெரினுக்குப் பின் வந்த மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பிற மருந்துகளோடு தரப்படுகிறது. அவர்களுக்கு மிகுதியாக வரும் வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். மேலும், முதுகுத் தண்டுக் குறையுடன் குழந்தை பெற்ற தாய்மாரை 7 நாடுகளில் ஆராய்ந்து, 1991-இல் முடிவு வெளியிட்டனர். கருவுறும் முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவதைப் பத்தில் ஏழு பங்கு தடுக்கலாம் என்று தெரியவந்தது.

தோழியரே, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையில் போலிக் அமிலமும் கலந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை வராமல் காக்கவே அது வழங்கப்படுகிறது. கையில் அடங்கும் அச்சிறு மாத்திரையைச் சிறிதென்று எண்ணலாகாது. மூன்றாம் முறை முயன்று மெட்ரிகுலேஷன் தேறிய ஓர் ஏழை மாணவரின் உழைப்பும் அதனுள் இருக்கிறது. தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்வே முடிந்தது என்று கலங்குவோர், சுப்பாராவை ஒரு கணம் நினைத்துக்கொண்டு மறுபடியும் புத்தகத்தைத் திறப்போமாக!