உலர் எழுத்தின் தந்தை

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஜெராக்ஸ் என்னும் பெயர்ப்பலகையைக் காணாதவர் இலர். நம் மதிப்பெண் சான்றிதழ் அங்கே நொடிப்பொழுதில் நகலாகிறது. அந்நகலுக்கு வித்திட்டவர் செஸ்டர் கார்ல்சன்.

இவர் 1906 பிப்ரவரி 8 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். முடிதிருத்துநரான தந்தையைக் காசநோயும் மூட்டுநோயும் முடக்கின. குடும்பச் சுமை சிறுவனின் தோளில் விழுந்தது. 17 வயதில் தாயையும் இழந்தார். உழைத்துக்கொண்டே பயின்று, 1930இல் இயற்பியல் பட்டம் பெற்றார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை கிடைப்பது அரிதாயிற்று.

பின்னர் நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவொன்றில் பணியாற்றினார். ஆவணங்களுக்குப் போதிய படிகள் கிடைப்பதில்லை. கையால் எழுதினால் காலம் கரையும். ஒளிப்படம் எடுத்தால் பொருள் கரையும். மூட்டுவலி அவரையும் பற்றியிருந்தது. எளிய வழி தேடிப் பொது நூலகத்தில் பல மாலைகளைக் கழித்தார். ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன.

1938 அக்டோபர் 22 அன்று ஆஸ்டோரியாவில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினர். எழுத்துப் பொறித்த கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் நீங்கியது. எழுத்தின் நிழலில் நிலைத்தது. தூவிய பொடி அந்நிழலில் மட்டும் ஒட்டியது. மெழுகுத்தாளில் அதனைப் பதித்தபோது உலகின் முதல் உலர்நகல் உருவாயிற்று.

ஆயினும் 20க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944இல் பேட்டல் ஆய்வு நிறுவனமும், 1947இல் பின்னாளில் ஜெராக்ஸ் எனப் பெயர்பெற்ற ஹாலாய்டு நிறுவனமும் கைகொடுத்தன. கந்தகத்தின் இடத்தைச் செலினியம் பெற்றது.

எழுத்து தோன்றினால் போதுமா? எல்லாப் படியிலும் ஒரே கருமை வேண்டுமன்றோ! மைத்தூளைச் சிறுமணிகளுடன் கலந்தால், உராய்வினால் தூள் மின்னூட்டம் பெறும். மணிகளுக்கும் தூளுக்கும் உள்ள விகிதம் குலைந்தால் கருமையும் குலையும். காற்றில் ஈரம் மிகுந்தால் தூளின் மின்னூட்டம் குறைந்து, வெண்மையான இடத்திலும் சாம்பல் படரும். கடலோரச் சென்னைக்கு இது புதிதன்று. இன்றைய எந்திரங்கள் சிறு சோதனைக் கட்டமொன்றைத் தமக்குள் பதித்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியை உணரியால் அளக்கின்றன. வெளிறியிருந்தால் தூளையோ மின்னழுத்தத்தையோ தாமே திருத்திக்கொள்கின்றன. லேசர் அச்சுப்பொறியும் இந்நெறியிலேயே இயங்குகிறது.

1959இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 எந்திரம் பெருவெற்றி கண்டது. முதற்சோதனைக்கும் அதற்கும் இடையே 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. குவிந்த செல்வத்தின் பெரும்பகுதியை, பெயர் வெளிப்படாமல் அறச்செயல்களுக்கு ஈந்தார். 1968 செப்டம்பர் 19 அன்று மறைந்தார்.

வறுமையும் நோயும் மறுப்பும் சூழ்ந்தபோதும் அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. நகலைக் கையில் வாங்கும்போது, அதன் சீரான கருமைக்குப் பின்னுள்ள அந்நெடிய உழைப்பையும் எண்ணிப் பார்ப்போம்.