டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: 12 கட்டில்களுக்காக 19 ஆண்டுகள்

மெர்சிங், ஜூலை 30 – இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்த நாள். தமிழ்நாட்டில் இந்த நாளை மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். நம் மேடைகளில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேவதாசி முறையை எதிர்த்தவர், சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஆனால் அவர் தம் முதுமையை எதற்குச் செலவிட்டார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடே இல்லாதிருந்த தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் நாம். அந்தப் பகுதிதான் நமக்கு அதிகம் வேண்டியது என்பது என் எண்ணம்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு திருமணத்துக்கு உறவினர் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னதால் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களோடு வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஆண்டு 1923. அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த வேதனை அவரைக் கடைசி வரை விடவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மேற்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே நடந்த மருத்துவமனையைப் பார்த்தார். அந்த நோயாளிகளுக்கென்று தனி இடமும் தனிக் கவனிப்பும் இருந்தன. அப்போது இந்தியாவின் தென்பகுதியில் அப்படி ஓர் இடமே கிடையாது.

ஊர் திரும்பியதும் அரசியல் அவரை இழுத்துக்கொண்டது. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1930இல் காந்தி கைதானதும் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அங்கே புற்றுநோய்க்கு ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை வைத்தார். அப்போது அவருக்கு வயது 49. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர், அதற்கு எதற்குப் பணம் என்பதுதான் அன்றைய பொதுவான நினைப்பு. மேலே இருந்தவர்களும் அதற்கு விலக்கல்ல. சுதந்திரத்துக்குப் பிறகும் அவர் கதவு தட்டிக்கொண்டே இருந்தார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியை இதே துறையில் பயிற்சி பெற வைத்தார். 1952இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. மொத்தம் 12 கட்டில்கள்தான். அம்மையாருக்கு அப்போது 67 வயது முடிந்து 68 தொடங்க ஒரு மாதம் இருந்தது. அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அங்கே வந்தவர்களில் வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வந்தவர்கள் ஏராளம். பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். இதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, விரிந்து கொடுக்கும் தசைக்குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும், வழி பெரும்பாலும் அடைபடும் வரை அது சமாளித்துக்கொள்ளும். வலியும் இருக்காது. முதலில் ரொட்டி சானாயும் இறைச்சியும் நெஞ்சில் நிற்பது போல் இருக்கும். பிறகு சோறு இறங்காது. அதற்கும் பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர்கூட இறங்காது. எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறியபோது, வயசாகிவிட்டது, பல் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது உடம்பில் பாதி எடை இல்லை.

அடையாற்று டாக்டர்கள் சிகிச்சையோடு நிற்கவில்லை. வந்தவர்களிடம் என்ன மென்றீர்கள், என்ன புகைத்தீர்கள் என்று கேட்டு எழுதி வைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்கான காரணங்களைப் பற்றி 1959இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1963இல் அதைத் தொண்டை, உணவுக்குழாய் வரை விரித்து இன்னொன்று எழுதினார்கள். வெற்றிலை பாக்கோடு சேரும் புகையிலையின் பங்கு அந்த ஆய்வுகளில் ஆராயப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய் தருவதாக 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேகூட அப்படித்தான் என்று 2004இல் சேர்த்தது. பாட்டி புகையிலை போடவில்லையே, வெறும் பாக்குதானே என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றும் மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மலாய், சீனச் சமூகங்களைவிட இந்தியர்களிடம்தான் அதிகம். இன்னொன்றும் உண்டு: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று அதே முகமை 2016இல் சொன்னது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பதை வீரமாக நினைக்கும் நண்பர்கள் மெர்சிங் படகுத்துறைக் கடைகளிலும் இருக்கிறார்கள்.

கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் 1950களிலேயே அடையாற்றுக்கு வந்தது. வாய்க்கும் தொண்டைக்கும் கதிர் கொடுத்தால் புற்று கரையும். ஆனால் காதுக்கு முன்னும் தாடைக்கு அடியிலும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து வாடும். எச்சில் ஊறாமல் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உணவு ருசிக்காது, பல் சொத்தையாகும். இன்றைய கருவிகள் சுரப்பிகளை ஓரளவு விலக்கிக் கதிர் பாய்ச்சுகின்றன. சீக்கிரம் வந்தவருக்கு அறுவையே போதுமாகி, கதிர் தேவைப்படாமலும் போகலாம். மெர்சிங்கில் இருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஜோகூர் பாருவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, விழுங்கும்போது தடை, தாடையடியில் வலியில்லாத வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் பக்கத்துக் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டினாலே போதும், அங்கிருந்து அனுப்புவார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22ஆம் தேதி, 82 வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கும்போது காலமானார். தொடங்கும்போது இருந்த 12 கட்டில்கள் அதற்குள் பெருகிவிட்டன. டாக்டர் சாந்தா அந்த வளாகத்திலேயே தங்கி வேலை பார்த்து 2021 ஜனவரியில் மறைந்தார்.