நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன்

இன்று நாம் நூலகத்துக்குள் சென்று, விரும்பிய நூலை நம் கையாலேயே எடுத்துப் புரட்டிப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் இது இயலாத செயல். நூல்கள் பூட்டிய அலமாரிகளில் உறங்கின. அவற்றைக் காவல் காப்பதே நூலகரின் கடமை என்று கருதினார்கள். அந்தப் பூட்டுகளைத் திறக்கப் பாடுபட்ட பெருமகனாரின் வரலாற்றை நாம் அறிய வேண்டாமா?

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது நாக்குத் திக்கும். அக்குறையை விடாமுயற்சியால் வென்றார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் கணித ஆசிரியராக விளங்கினார். கற்பித்தலே அவருக்கு உயிர்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் நியமிக்கப்பட்டார். வகுப்பில் மாணவர் நடுவே மகிழ்ந்திருந்தவருக்கு நூலகத்தின் தனிமை சிறைவாசமாயிற்று. சில நாட்களிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடிச் சென்று, பழைய வேலையையே தருமாறு மன்றாடினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரும்படியும், அதன் பிறகும் மனம் ஒட்டாவிட்டால் திரும்பி வரலாம் என்றும் முதல்வர் சொல்லி அனுப்பினார்.

அப்பயணம் அவர் வாழ்வையே மாற்றியது. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைக் கண்டார். அங்கே தொழிலாளரும், பெண்களும், குழந்தைகளும் நூல்களால் பயன் பெறுவதைப் பார்த்தார். ஒரு நாள் கடையொன்றில், அதே இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மைகள் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டார். நூல்களின் பொருளையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. இதுவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் வித்து.

1925இல் தாயகம் திரும்பியவர் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. விடுமுறையே எடுக்காமல் இருபது ஆண்டுகள் நூலகத்தில் உழைத்தார். வாசகர்களே அலமாரிக்குச் சென்று நூல் எடுக்க வழி செய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது.

1931இல் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்தன. நூல் பயன்படுவதற்கே உரியது; ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும்; ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும்; வாசகரின் நேரம் வீணாகக் கூடாது; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவையே அவற்றின் சாரம். அதே 1931இல், மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகரைத் தேடி நூல் புறப்பட்ட காலம் அது!

ஊருக்கு ஊர் நூலகம் வேண்டுமானால் சட்டமும் நிதியும் வேண்டும் என்று அவர் இடைவிடாது வாதாடினார். அதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்க இதனால் வழி பிறந்தது.

நூலகர்களுக்குத் தொழிலறிவும் புதுச் செய்திகளும் தவறாமல் கிட்ட வேண்டும் என்பதற்காக அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார், பத்திரிகைகளும் நடத்தினார். 1962இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். தம் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவி சாரதா அம்மையாரின் பெயரும் விளங்க நூலக இயல் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1972 செப்டம்பர் 27இல் மறைந்தார். ஆகஸ்டு 12ஆம் நாள் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

விரும்பாமல் ஏற்ற பணியிலும் அதன் பயனைக் கண்டுகொண்டால் மனம் ஒன்றிவிடும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம். நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை எளியது. எடுத்த நூலைப் படிப்போம். கிழிக்காமல், கோடு போடாமல் காப்போம். உரிய நாளில் திருப்பித் தருவோம். அந்த நூலுக்காக இன்னொரு மாணவி காத்திருப்பாள் அல்லவா?